பேன்ட் சைஸ் 34, டேப்பில் 98: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 51. உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. கை, கால், முகம் எல்லாம் ஒல்லி. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஒரு வருடமாகத் தினமும் நூறு சிட்-அப் எடுக்கிறேன், வியர்வை பெல்ட் கட்டுகிறேன். தொப்பை அசையவில்லை. பேன்ட் சைஸ் பத்து வருடமாக 34தான். ஆனால் டேப் வைத்து அளந்தால் 98 செ.மீ. காட்டுகிறது. போன மாதம் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, டிரைகிளிசரைடு 210, ஹெச்.டி.எல். 38, ரத்த அழுத்தம் 128/82. ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1'. "எல்லாம் பார்டர்லைன்தான், பயப்படாதீர்கள்" என்றார்கள். சாப்பாடு அதிகமில்லை. நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. சனிக்கிழமை நண்பர்களோடு கொஞ்சம் மது. தொப்பையை மட்டும் குறைக்க வழி உண்டா? லைபோசக்‌ஷன் செய்துகொள்ளலாமா? எடை குறைக்க எல்லோரும் பேசும் அந்த ஊசி எனக்குப் பொருந்துமா? மனைவிக்கு வயது 49, மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகிறது. சில மாதங்களாக அவருக்கும் வயிறு பெருக்கிறது. அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புள்ள வாசகருக்கு,

டேப்பை நம்புங்கள். 34 அங்குலம் என்றால் 86 செ.மீ. பேன்ட் தொப்பையின் மேல் உட்காருவதில்லை, அதற்கு அடியில் உட்காருகிறது. தொப்பை பெருக்கப் பெருக்க இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக்கொள்கிறது. உங்கள் சைஸ் பத்து வருடமாக மாறாமல் இருப்பது அதனால்தான். "சைஸ் மாறவே இல்லை டாக்டர்" என்று என்னிடம் சொல்பவர்களுடைய பெல்ட் பக்கிள் பெரும்பாலும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அளவு சரிதானா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். டேப் தரைக்கு இணையாக இருக்கட்டும், தோலை அழுத்த வேண்டாம். இயல்பாக மூச்சை விட்ட பிறகு படியுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பதில் யாருக்கும் லாபமில்லை.

98 என்பது அதிகமா? தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதுதான் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வகுத்த எல்லை. ஐரோப்பிய ஆண்களுக்கு அதே அமைப்பு 94 வரை விட்டுக்கொடுக்கிறது. இன்னும் எளிய கணக்கு ஒன்று உண்டு: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டிகள் 2022 முதல் இதைப் பரிந்துரைக்கின்றன. உங்கள் உயரத்தில் பாதி 84. நீங்கள் 14 செ.மீ. தள்ளி நிற்கிறீர்கள்.

எடை எந்திரம் இதைக் காட்டிக்கொடுக்காது. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கான பி.எம்.ஐ. உங்களுக்கு 26. கேட்பவர் 'லேசான அதிக எடை' என்று சொல்லிவிட்டுப் போவார். ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் எழுதியது. அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கினும் இந்திய மருத்துவர் யாக்னிக்கும் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடலில் கொழுப்பின் பங்கோ ஒருவருக்கு 9.1 சதவீதம், மற்றவருக்கு 21.2 சதவீதம். கொழுப்பு அதிகம் இருந்தவர் யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் பருத்த உடல்வாகு நம்மிடையே மிகச் சாதாரணம். அதனாலேயே அது கண்ணில் படாமல் போகிறது.

வயிற்றில் இரண்டு வகைக் கொழுப்பு இருக்கிறது. விரலால் கிள்ளினால் கையில் வருவது தோலுக்கு அடியில் உள்ளது. அது அழகைக் கெடுக்கலாம். பெரிய விரோதி இல்லை. மற்றது தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிந்திருப்பது. உள்ளிருந்து தள்ளுவதால் இந்த வகைத் தொப்பை பெரும்பாலும் விறைப்பாக இருக்கும், எளிதில் கிள்ள வராது. உங்கள் கை கால் ஒல்லி என்பதையும் ஸ்கேன் முடிவையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுடையதில் இரண்டாவது வகையின் பங்கு அதிகம் என்றே நினைக்கிறேன்.

உடல் மிச்சமான சக்தியை முதலில் தோலுக்கடியில்தான் சேமிக்கப் பார்க்கும். அங்கே எவ்வளவு கொள்ளும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும், பெருமளவு பரம்பரை. அலமாரி நிரம்பிவிட்டால் சாமான்கள் நடைவழிக்கு வந்துவிடுவதைப்போல, தோலடி இடம் போதாதபோது கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் கணையத்திலும் தசையிலும் தங்க ஆரம்பிக்கிறது. சிலருக்கு 100 கிலோவிலும் அந்த நிலை வருவதில்லை. உங்களுக்கு 74-லேயே வந்துவிட்டது.

உள்ளே இருக்கும் இந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. கொழுப்பு அமிலங்களும் அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களும் அதோடு போய் இறங்குகின்றன. கல்லீரல் கொழுத்துப்போய் இன்சுலினின் பேச்சைக் கேட்க மறுக்கிறது. இரவெல்லாம் தேவையில்லாமல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. உங்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 ஆனதில் இதற்குப் பங்கு உண்டு. அதே கல்லீரல் மிச்சக் கொழுப்பை டிரைகிளிசரைடாகப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்புகிறது: 210. டிரைகிளிசரைடு ஏறினால் நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். இறங்கும்: 38.

'எல்லாம் பார்டர்லைன்தான்' என்ற பேச்சோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தனித்தனியே பார்த்தால் உங்கள் எண்கள் எதுவும் பயமுறுத்துபவை அல்ல. ஆனால் நான்கும் ஒரே இடத்திலிருந்து கிளம்பி வந்திருக்கின்றன. இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு 150-க்கு மேல், ஆண்களுக்கு ஹெச்.டி.எல். 40-க்குக் கீழ், ரத்த அழுத்தம் 130/85-ஐத் தொடுவது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கு மேல் – இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்கிறோம். உங்களுக்கு நான்கு இருக்கிறது. ஐந்தாவது வாசலில் நிற்கிறது.

இதை இப்படியே விட்டால் எங்கே கொண்டுபோகும் என்று பட்டியல் போட்டு மிரட்ட விருப்பமில்லை. முதலில் வரக்கூடியது சர்க்கரை நோய். அதற்கு அடுத்து மாரடைப்பு. 52 நாடுகளில் சுமார் 27,000 பேரை வைத்து நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், மாரடைப்பு அபாயத்தை பி.எம்.ஐ. காட்டியதைவிட இடுப்பு-பிட்ட அளவு விகிதம் தெளிவாகக் காட்டியது. பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, நெஞ்செரிச்சல், பெருங்குடல் உட்படச் சில புற்றுநோய்களுக்கும் இதோடு தொடர்புண்டு. நீங்கள் பலமாகக் குறட்டை விடுபவரா, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுகிறீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. மனைவியைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக அவர் சொன்னால், அதற்கெனத் தனிப் பரிசோதனை வேண்டும்.

கல்லீரலைப் பற்றி ஒரு சொல். ஸ்கேனில் 'கிரேடு 1' என்பது கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதற்கான தோராயக் கணக்கு மட்டுமே. தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. உண்மையில் தெரிய வேண்டியது அதுதான். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள், ரத்தத்தின் பிளேட்லெட் எண்ணிக்கை மூன்றையும் எடுத்து, உங்கள் வயதையும் சேர்த்து 'ஃபிப்-4' என்ற எளிய கணக்கைப் போடச் சொல்லுங்கள். 1.3-க்குக் கீழ் வந்தால் இப்போதைக்கு நிம்மதி. மேலே வந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் 'ஃபைப்ரோஸ்கேன்' போன்ற பரிசோதனை தேவைப்படும். கூடவே மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல்., சிறுநீரகத்துக்கான சோதனைகளையும் செய்துவிடுங்கள். கிரேடு 1 என்று சொல்லி ஒரு கட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால், எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி சிட்-அப். அதில் வலுப்பெறுவது வயிற்றுத் தசை. தசை தனக்குப் பக்கத்தில் இருக்கும் கொழுப்பை எடுத்து எரிப்பதில்லை. ரத்தத்தில் வருவதைத்தான் எரிக்கிறது, அந்த ரத்தத்துக்கு உடல் முழுவதிலிருந்தும் கொழுப்பு வந்து சேர்கிறது. நூறு எடுத்தாலும் ஐந்நூறு எடுத்தாலும் இதுதான் நிலை. முதுகு வலிக்காதவரை நிறுத்த வேண்டியதில்லை, ஆனால் அதிலிருந்து தொப்பை குறைவதை எதிர்பார்க்காதீர்கள். வியர்வை பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். அது வெளியேற்றுவது தண்ணீரை. அடுத்த டம்ளரில் திரும்பி வந்துவிடும்.

லைபோசக்‌ஷன் உறிஞ்சுவது தோலடிக் கொழுப்பை மட்டுமே. குடலைச் சுற்றி இருப்பதை அந்தக் குழாய் தொடுவதில்லை, தொடவும் கூடாது. 2004-இல் அமெரிக்காவில் உடல் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து ஆளுக்குச் சுமார் 9–10 கிலோ கொழுப்பை எடுத்துவிட்டு, சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்தார்கள். இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் – எதிலும் முன்னேற்றம் இல்லை. சாப்பாட்டைக் குறைத்தும் நடந்தும் அதில் பாதியைக் குறைத்திருந்தாலே இவை எல்லாம் சீராகியிருக்கும். ஆகவே உங்களுக்கு வேண்டாம்.

தொப்பையை மட்டும் குறைக்க முடியுமா என்ற கேள்விக்கு 'முடியாது' என்பதுதான் வழக்கமான பதில். அது பாதிதான் சரி. இடத்தைத் தேர்ந்தெடுக்க உங்களால் முடியாது. ஆனால் உடல் தானாகவே தேர்ந்தெடுக்கிறது, அதுவும் உங்களுக்குச் சாதகமாக. எடை குறையத் தொடங்கும்போது கல்லீரல் கொழுப்பும் குடலைச் சுற்றிய கொழுப்பும் தோலடிக் கொழுப்பைவிட வேகமாகக் கரைகின்றன. உடற்பயிற்சி ஒழுங்காகச் செய்பவர்களுக்கு எடை அசையாவிட்டாலும் உள்கொழுப்பு குறைவதுண்டு. ஜப்பானியச் சூமோ வீரர்களைப் பாருங்கள். அவ்வளவு பெரிய வயிறு இருந்தும், பயிற்சியில் இருக்கும் காலத்தில் அவர்களுடைய கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கடியில்தான் இருக்கிறது. பயிற்சியை விட்ட பிறகு கதை மாறுகிறது.

அதனால் கண்ணாடியில் தட்டையான வயிறு தெரிய வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள். தோலடி மடிப்பு கடைசிவரை கொஞ்சம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் இலக்கு ஆறு மாதத்தில் 5 கிலோ. உங்கள் எடையில் அது சுமார் 7 சதவீதம். அமெரிக்காவில் 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வு வைத்த இலக்கும் இதே 7 சதவீதமும் வாரம் 150 நிமிட நடையும்தான். அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம்தான். ஒரு கிலோ குறைந்தால் இடுப்பு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் சுருங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 98 உடனே 84 ஆகாது. 93-க்கு வரும்போதே டிரைகிளிசரைடும் சர்க்கரையும் கீழே வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

'சாப்பாடு அதிகமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டில் இல்லாமல் இருக்கலாம். ஐந்து தேநீர், பத்து ஸ்பூன் சர்க்கரை என்பது சுமார் 40 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும், மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக மாற்றிவிடுகிறது. உங்களுக்கு நான் கேட்கும் முதல் மாற்றம் இது ஒன்றுதான்: தேநீர் இரண்டாகட்டும், ஸ்பூன் ஒன்றாகட்டும், மூன்று வாரத்தில் அதுவும் போகட்டும். நாக்கு பழகிக்கொள்ளும். குளிர்பானமும் பாட்டில் பழச்சாறும் வீட்டுக்குள் வரவே வேண்டாம். பழத்தைப் பழமாகவே கடித்துச் சாப்பிடுங்கள்.

அடுத்தது சனிக்கிழமை. 'கொஞ்சம்' என்ற சொல் மருத்துவர்களுக்குத் தூக்கம் கெடுக்கும் சொல். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. அது உடலுக்குள் இருக்கும்வரை மற்றக் கொழுப்பை எரிக்கும் வேலை பின்னுக்குத் தள்ளப்படுகிறது, டிரைகிளிசரைடும் ஏறுகிறது. கூடவே வரும் பொரித்த தின்பண்டங்களின் கணக்கு வேறு. பீர் ஆனாலும் விஸ்கி ஆனாலும் கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது. ஏற்கெனவே கொழுப்பு படிந்த கல்லீரல் உங்களுடையது. இந்த ஆறு மாதம் முழுக்கத் தள்ளிவைத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் எந்தப் பெயர் வைத்த டயட்டும் வேண்டாம். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், கால் பங்கு தானியம்; அதுவும் முடிந்தவரை தீட்டாதது. விரதமுறை சிலருக்குச் சௌகரியமாக இருக்கிறது, ஆனால் சாதாரணமாக அளவைக் குறைப்பதைவிட அதில் மாயம் எதுவுமில்லை. பாக்கெட் உணவுகளிடம் மட்டும் ஜாக்கிரதை. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேருக்கு இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணச் சமையல் உணவும் கொடுத்து 'வேண்டியதைச் சாப்பிடுங்கள்' என்றார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அவர்களே அறியாமல் நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

பட்டினி கிடந்து மாதம் 8 கிலோ குறைக்கும் வேகம் வேண்டாம். பித்தப்பையில் கல் வரலாம், தசையும் சேர்ந்து போகும். திரும்பி ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறும்.

சிட்-அப்புக்குச் செலவழித்த நேரத்தை நடைக்கும் எடை தூக்குவதற்கும் கொடுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் வாரம் 150 நிமிடம் நடங்கள். வாரம் இரண்டு நாள் தொடை, முதுகு, மார்பு ஆகிய பெரிய தசைகளுக்குப் பயிற்சி: உட்கார்ந்து எழுவது, சுவரிலோ தரையிலோ புஷ்-அப், ரப்பர் பட்டை, எதுவானாலும் சரி. 50 வயதுக்கு மேல் தசை தானாகவே தேய்கிறது, சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேர வேண்டிய இடமும் தசைதான். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தூக்கத்தையும் கணக்கில் சேருங்கள். ஆரோக்கியமான 12 பேரை இரண்டு வாரம் இரவில் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றின் உள்கொழுப்பு 11 சதவீதம் கூடியிருந்தது. சிலருக்குத் தொப்பை விழ மருந்துகளும் காரணமாகும்: ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள். அப்படி ஏதாவது எடுத்துவருகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள்.

ஊசி பற்றி. நீங்கள் கேட்பது செமாக்ளுடைடு என்று நினைக்கிறேன். அது வேலை செய்யும் மருந்துதான். 2021-இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக இது பி.எம்.ஐ. 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேலிருந்து தொடர்புடைய நோயும் உள்ளவர்களுக்கு. ஆசியர்களுக்குச் சில வழிகாட்டிகள் இந்த எல்லையைச் சற்றுத் தாழ்த்துகின்றன. உங்களுக்கு இப்போது அதை எழுத மாட்டேன். குறைக்க வேண்டியது 5 கிலோ. இன்னும் எதையும் முயன்று பார்க்கவில்லை, சிட்-அப்பைத் தவிர. ஆறு மாதம் உண்மையாக முயன்றும் எண்கள் இறங்காவிட்டாலோ எச்.பி.ஏ.1சி 6.5-ஐத் தாண்டினாலோ அப்போது பேசலாம். கடையில் நேராக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்து இல்லை இது.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இடுப்பளவை மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். தினமும் அளந்து மனம் நோக வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் கொழுப்பைப் பிட்டத்துக்கும் தொடைக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும். அது குறைந்ததும் அதே கொழுப்பு வயிற்றுக்கு வழி மாற்றிக்கொள்கிறது, எடை கூடாமலேகூட. பெரும்பாலும் காரணம் அதுவாகவே இருக்கும். அப்படியானால் மேலே சொன்ன எல்லாம் அவருக்கும் பொருந்தும், எல்லை மட்டும் 80 செ.மீ. ஆனால் 'சில மாதங்களாக' என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் அப்படியே விட்டுவிட மாட்டேன். கொழுப்பால் வரும் தொப்பை மெதுவாக, வருடக்கணக்கில் வளரும். அவருக்கு அடிக்கடி வயிறு உப்பலாக இருக்கிறதா, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறதா, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர், கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருப்பது, நின்ற மாதவிடாய்க்குப் பிறகு ரத்தக்கசிவு – இவற்றில் எது இருந்தாலும் டயட்டைப் பற்றி யோசிக்கும் முன் மகளிர் நல மருத்துவரிடம் போய் அடிவயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். சூலகக் கட்டியும் வயிற்றில் நீர் கோப்பதும் தொடக்கத்தில் வெறும் தொப்பையைப் போலவே தெரியும். இந்த அறிகுறிகள் ஏதாவது இருந்தால் உங்கள் பரிசோதனைகள் ஒரு வாரம் தள்ளிப்போகலாம், அவருடையது தள்ளிப்போக வேண்டாம்.